பீலிக் கண்: மயிலும் அதன் பெயர் பூண்ட பிற உயிர்களும்

மயிலின் தோகையில் உள்ள கண் யாருடைய பார்வைக்காக ஏற்பட்டது என்னும் கேள்வியும், அதுபோன்ற கண்ணையோ தோகை விரிப்பையோ வேறோர் உயிரிடத்தில் கண்ட மனிதர்கள் அதற்கும் மயில் என்றே பெயரிட்டது எவ்வளவு பொருந்தும் என்னும் கேள்வியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி, சிலந்தி, நன்னீர் மீன், கடல் மீன், ஆமை, ஓடுடைய கடலுயிர் என விலங்குலகின் தொலைதூரக் கிளைகளிலெல்லாம் மயிலின் பெயர் வழங்குகிறது. பெயரிட்டவர்கள் தோற்றத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். அந்தத் தோற்றம் ஒவ்வோர் உயிருக்கும் என்ன வேலை செய்கிறது என்று பின்வந்த ஆய்வாளர்கள் தேடியபோது, பெயரால் ஒன்றானவை பெரும்பாலும் வாழ்வால் வேறுபட்டிருப்பதும், மயிலோடு எந்த உறவும் இல்லாத ஒரு சிறு சிலந்தி மட்டும் மயிலின் வாழ்வையே வாழ்ந்துகொண்டிருப்பதும் தெரியவந்தன. இந்த வேறுபாட்டையும் ஒற்றுமையையும் விளக்குவதே இச்சொற்பொழிவின் பொருளாகும்.

தமிழர்க்கு மயில் அறிமுகம் வேண்டாத பறவை. குறிஞ்சி நிலத்துக் கருப்பொருளாகவும், முருகனின் ஊர்தியாகவும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் கதையாலும் அது இம்மண்ணின் நினைவில் நிலைத்திருக்கிறது. விராலிமலை போன்ற இடங்களில் இன்றும் கோயிலை ஒட்டியே கூட்டமாக வாழ்கிறது. லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் பாவோ கிறிஸ்டேட்டஸ் என்று அறிவியற்பெயர் சூட்டிய இந்தப் பறவை, 1963ஆம் ஆண்டில் இந்தியாவின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. விளைநிலங்களில் மயில்கள் பெருகி, விதைத்த தானியத்தையும் நாற்றையும் அழிக்கின்றன என்னும் உழவர்களின் முறையீடு இன்று பல மாவட்டங்களில் கேட்கிறது. அது தனியே ஆராயத்தக்க, நியாயமான முறையீடு.

மக்கள் வால் என்று கருதும் தோகை உண்மையில் மயிலின் வாலன்று. மயிலின் வால் இருபது இறகுகள் கொண்ட, பழுப்பு நிறமான, குட்டையான உறுப்பு. அந்த வாலின் அடிப்பகுதியை மேலிருந்து மூடும் இறகுகள் பெரும்பாலான பிற பறவைகளில் சிறியனவாக நின்றுவிட, ஆண் மயிலில் ஒன்றரை மீட்டர் அளவுக்கும் நீண்டு பீலிகளாகின்றன. தோகை விரியும்போது பின்னால் நின்று அதனைத் தாங்கிப் பிடிப்பதே உண்மையான வாலின் வேலை. முழு வளர்ச்சியடைந்த ஆண் மயிலின் தோகையில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கண்கள் இருக்கும். மழைக்காலத்தில் இனப்பெருக்கம் முடிந்ததும் இந்தப் பீலிகள் அனைத்தும் உதிர்ந்து, அடுத்த பருவத்துக்குள் புதியவை முளைக்கின்றன. காவடிக்கும் விசிறிக்கும் பயன்படும் பீலிகள் இவ்வாறு தாமாக உதிர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பதே முறை.

ஒரு பீலிக் கண்ணை அருகில் வைத்துப் பார்த்தால், நடுவில் கருநீலம் ஓடிய, ஒரு பக்கம் சற்றே உள்மடிந்த வட்டம் தெரியும். அதனைச் சூழ்ந்து பசுநீலமும், அதற்கு வெளியே செம்பு கலந்த பழுப்பும், பின்னர் பொன்னும் பசுமையுமான வளையங்களும் அமைந்திருக்கும். இந்த நிறங்களில் எதற்கும் தனித்தனிச் சாயம் கிடையாது. இறகுத் தண்டிலிருந்து கிளைக்கும் இழைகளிலும், அவ்விழைகளிலிருந்து கிளைக்கும் நுண்ணிழைகளிலும் இருப்பது மெலனின் என்னும் கருமை நிறமி ஒன்றுதான். மனிதரின் தலைமுடியைக் கறுப்பாக்கும் நிறமியும் அதுவே. நுண்ணிழையின் மேற்புறத்துக்குக் கீழே அந்த நிறமி மிகச் சிறு கோல்களாக உருண்டு, கெரட்டின் என்னும் இறகுப் புரதத்தால் பிணைக்கப்பட்டு, வரிசை தவறாத சதுர அடுக்காக நிற்கிறது. ஒளி அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும்போது, கோல்களுக்கு இடையிலான தொலைவுக்கு ஏற்ற அலைநீளம் மட்டும் வலுப்பெற்று வெளிவருகிறது. இவ்வாறு சாயத்தால் அன்றிப் பொருளின் நுண்ணமைப்பால் தோன்றும் நிறத்தை அமைப்பு நிறம் என்பர். சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியான் ஸி என்பவரும் உடனாய்வாளர்களும் 2003ஆம் ஆண்டில் இந்த அடுக்கினை மின்னணு நுண்ணோக்கியால் அளந்தபோது, நீல இழையில் கோல்களின் இடைவெளி ஏறத்தாழ 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165 எனக் கண்டார்கள். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்ததில் ஒரு பங்கு. அத்தகைய பங்குகளில் பத்துப் பதினைந்து கூடுவதாலேயே நீலம் பச்சையாகவும் பச்சை மஞ்சளாகவும் மாறிவிடுகின்றன என்பது எண்ணியெண்ணி வியக்கத்தக்க செய்தி. மயிலிறகின் நிறம் மெல்லிய படலத்தில் ஒளி படுவதால் எழுவது என்று 1704ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் நியூட்டன் கருதியிருந்தார். மின்னணு நுண்ணோக்கியின் துணையில்லாத காலத்தில் அவர் உண்மைக்கு மிக அருகில் வந்திருந்தார்.

நிறம் எவ்வாறு உண்டாகிறது என்பதைவிட, ஏன் உண்டாயிற்று என்பதே கடினமான கேள்வியாக இருந்தது. உயிர்வாழ உதவும் பண்புகளே தலைமுறை தோறும் நிலைபெறும் என்னும் இயற்கைத் தேர்வுக் கொள்கையை வகுத்த டார்வினுக்கு, எதிரிகளின் கண்ணில் எளிதில் படுவதும் ஆண்டுதோறும் புதிதாக வளர்க்க வேண்டியதுமான தோகை பெருந்தொல்லையாக இருந்தது. மயிலிறகைப் பார்த்தாலே மனம் நோகிறது என்னும் பொருள்பட அவர் 1860ஆம் ஆண்டில் தம் அமெரிக்க நண்பர் ஆசா கிரேக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தொல்லைக்கு அவர் கண்ட விடை 1871ஆம் ஆண்டில் வெளிவந்த மனிதத் தோற்றம் பற்றிய நூலில் பால்வழித் தேர்வு என்னும் கொள்கையாக விரிந்தது. பேடை எந்த ஆணைத் தேர்ந்தெடுக்கிறதோ அந்த ஆணின் பண்பே அடுத்த தலைமுறைக்குச் செல்வதால், பேடையின் விருப்பமே தோகையை வளர்த்தது என்பது அதன் சாரம். பெண்பாலின் விருப்பத்துக்கு இத்துணை ஆற்றல் உண்டு என்பதை அவர் காலத்து அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். அந்த மறுப்பில் சான்றைவிட அக்காலச் சமூகத்தின் மனப்போக்கே மிகுதியாக இருந்தது என்று கருத இடமுண்டு.

டார்வினின் கருத்தை மயிலிடத்திலேயே அளந்து பார்க்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தின் விப்ஸ்நேட் பூங்காவில் தடையின்றித் திரியும் மயில்களை ஆராய்ந்த மரியன் பெட்ரி, ஆண்கள் ஆளுக்கோர் இடம் பிடித்து ஆடும் ஆடுகளத்துக்குப் பேடைகள் வந்து, பல ஆண்களைப் பார்த்த பின்னரே ஒன்றோடு சேர்வதையும், கண்கள் மிகுந்த தோகை உடைய ஆணுக்கே சேர்க்கை மிகுதியாகக் கிட்டுவதையும் 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர், சில ஆண்களின் தோகையிலிருந்து இருபது கண்களை வெட்டி நீக்கியபோது அவற்றின் வெற்றி குறைந்தது. அழகிய தோகையுடைய தந்தைக்குப் பிறந்த குஞ்சுகள் நன்கு வளர்ந்தன, மிகுதியாகப் பிழைத்தன என்பதையும் அவர் 1994ஆம் ஆண்டில் காட்டினார். ஆயினும் ஜப்பானின் இஸு கள்ளிப் பூங்காவில் மாரிகோ தகஹாஷியும் உடனாய்வாளர்களும் ஏழு ஆண்டுகள் உற்றுநோக்கி, கண்களின் எண்ணிக்கைக்கும் சேர்க்கைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2008ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். இரண்டு முடிவுகளும் நேர்மையான உழைப்பின் பயன்கள். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிட இயலாது.

இந்த முரணைத் தெளிவுபடுத்தியவர்களில் கனடாவின் ராஸ்லின் டேகினும் ராபர்ட் மாண்ட்கோமரியும் குறிப்பிடத்தக்கவர்கள். நலமான ஆண்களுக்குள் கண்களின் எண்ணிக்கை பெரிதும் மாறுபடுவதில்லை. பல கண்களை இழந்த தோகைதான் ஒதுக்கப்படுகிறது. பேடையின் தேர்வில் பெரும்பங்கு வகிப்பது எண்ணிக்கையன்று, கண்ணில் உள்ள பசுநீலத் திட்டின் ஒளிர்வே என்பது அவர்கள் கண்டறிந்தது. பேடை முன்னால் நிற்கும்போது ஆண் மயில் கதிரவனுக்கு ஏறத்தாழ 45 பாகை விலகித் தோகையைத் திருப்பிப் பிடிக்கிறது. அந்தக் கோணத்தில் விழும் ஒளியில் பசுநீலம் மிக நன்றாகச் சுடர்கிறது. ஆடும் மயில் பீலிகளை நொடிக்கு இருபத்தைந்து முறை அளவில் அதிரச் செய்து சலசலப்பை எழுப்புகிறது. அந்த அதிர்வில் பிற இழைகளெல்லாம் மின்னிக் குலைந்தாலும் கண்கள் மட்டும் அசையாமல் நிற்பதுபோல் தோன்றுகின்றன. கண்ணில் உள்ள நுண்ணிழைகள் சிறு கொக்கிகளால் ஒன்றோடொன்று மாட்டப்பட்டிருப்பதே அதற்குக் காரணம் என்று டேகின் குழுவினர் 2016ஆம் ஆண்டில் விளக்கினார்கள். பேடைகளின் தலையில் பார்வையைப் பதிவுசெய்யும் சிறு கருவியைப் பொருத்திப் பார்த்த ஜெசிகா யோர்சின்ஸ்கி, அவை தோகையின் கீழ்ப்பகுதியையே மிகுதியாகப் பார்க்கின்றன என்று 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார். மனிதர் வியந்து நோக்கும் மேல்வளைவு, புதர்களுக்கு அப்பால் தொலைவில் நிற்கும் பேடையை ஈர்ப்பதற்கானது என்பது அவர் கருத்து. ஆக, பீலிக் கண் பேடையின் கண்ணுக்காக ஏற்பட்டது என்பதில் இன்று பெரிய ஐயமில்லை.

இக்கருத்துக்கு மறுபுறத்திலிருந்து வலுச்சேர்க்கும் பறவை காங்கோ மயில். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சாப்பின், 1913ஆம் ஆண்டில் காங்கோக் காட்டுப் பகுதியில் ஒருவரின் தலையணியில் இருந்த இறகு ஒன்றைப் பார்த்தார். அது எந்தப் பறவையின் இறகு என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக அடையாளம் காண முடியாமலே இருந்தது. 1936ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தில், இளம் இந்திய மயில் என்று தவறாகச் சீட்டு ஒட்டப்பட்டு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த இரண்டு பாடம் செய்த பறவைகளில் அதே இறகைக் கண்டு, ஆஃப்ரோபாவோ என்னும் புதிய பேரினத்தை அவர் நிறுவினார். மரபால் மயிலுக்கு நெருங்கிய உறவான இந்தப் பறவையில் நெடிய தோகையும் இல்லை, கண்களும் இல்லை. ஆணும் பெண்ணும் இணையாக வாழ்ந்து குஞ்சுகளைச் சேர்ந்தே பேணுவது இதன் வழக்கம்; பேடைகள் பல ஆண்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆடுகளம் இதற்கு இல்லை. தோகையை வளர்ப்பது இனமன்று, தேர்வே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உறவினரிடம் காணாத கண் உறவில்லாதவர்களிடம் காணப்படுகிறது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை மிதவெப்ப நாடுகளில் வாழும் மயில் வண்ணத்துப்பூச்சியின் நான்கு சிறகுகளிலும் சிறகுக்கு ஒன்றாக நீலமும் மஞ்சளும் கருமையும் கலந்த கண்கள் உண்டு. கிரேக்கத் தொன்மத்தில் ஹீரா தேவி, ஐயோ என்னும் பெண்ணைக் காவல்செய்த நூறு கண்ணன் ஆர்கஸ் கொல்லப்பட்டபின் அவன் கண்களைத் தன் பறவையான மயிலின் தோகையில் பதித்தாள் என்பது கதை. லின்னேயஸ் இந்தப் பூச்சிக்கு ஐயோவின் பெயரையே சூட்டினார். ஆனால் இந்தக் கண்கள் துணையை ஈர்ப்பதற்கு உரியவையல்ல. குளிர்காலத்தில் மறைவிடங்களில் ஒடுங்கிக் கிடக்கும்போது இப்பூச்சியின் மூடிய சிறகு காய்ந்த இலைபோல் கறுத்திருக்கும். பறவை நெருங்கித் தொட்டதும் சிறகு படாரென்று விரிய, நான்கு கண்கள் ஒருங்கே தோன்றுகின்றன. சிறகுகள் உரசுவதால் சீறல் ஒலியும் எழுகிறது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வாலின், ஸ்வென் யாகோப்சன், கிறிஸ்டர் விக்லுண்ட் முதலியோர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், நீலச் சிட்டுகளின் முன் விடப்பட்ட பூச்சிகளில் கண்கள் மறைக்கப்படாத 34இல் ஒன்று மட்டுமே கொல்லப்பட்டது. கண்களின்மேல் மை பூசப்பட்ட 20இல் 13 கொல்லப்பட்டன. கொல்லப்பட்டவற்றைப் பறவைகள் தின்றும்விட்டதால், காத்தது சுவைக்கேடன்று, கண்ணே என்பது உறுதியாயிற்று. மயிலின் கண் அருகே வா என்று அழைப்பது. இந்தப் பூச்சியின் கண் விலகிப் போ என்று விரட்டுவது.

தமிழ்நாட்டு வயல்வரப்புகளிலும் ஈரமான புல்வெளிகளிலும் பறக்கும் மயில் வசீகரன் என்னும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் கண்களும் இத்தகையவையே. இதன் அறிவியற்பெயரான ஜுனோனியா அல்மானாவில் ஜூனோ இருக்கிறாள். உரோமர்களின் ஜூனோவே கிரேக்கரின் ஹீரா. மழைக்காலத்தில் பிறக்கும் தலைமுறையில் சிறகின் அடிப்புறத்தில் கண்கள் தெளிவாக உள்ளன; வறண்ட பருவத்தில் பிறக்கும் தலைமுறையிலோ அடிப்புறக் கண்கள் மங்கி, சிறகின் விளிம்பு கூர்மையடைந்து, பூச்சி முழுவதும் சருகு போலாகிவிடுகிறது. பசுமை மிகுந்த காலத்தில் மிரட்டுவதும், சருகு மிகுந்த காலத்தில் மறைவதும் ஒரே இனத்தின் இரு உத்திகள்.

ஐரோப்பாவின் மிகப் பெரிய அந்துப்பூச்சியான பெருமயில் அந்துப்பூச்சியில் கண்ணுக்கும் காதலுக்கும் உள்ள தொடர்பின்மை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. தென் பிரான்சில் செரிஞான் என்னும் ஊரில் வாழ்ந்த ழான் ஆன்றி ஃபாபர், கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பெண் பூச்சி ஒன்றைக் கம்பிவலைக் கூண்டில் வைத்தார். அன்றிரவே இருட்டில், எங்கிருந்தோ நாற்பது அளவிலான ஆண் பூச்சிகள் வீட்டுக்குள் வந்து கூண்டை மொய்த்தன. பெண்ணைக் காற்றுப் புகாத கண்ணாடிக் கலத்தில் வைத்தபோது, பார்வைக்குத் தெளிவாகத் தெரிந்தும் ஓர் ஆணும் வரவில்லை. காற்று நுழையும் மூடியுள்ள பெட்டியில் மறைத்து வைத்தபோது வந்தன. பெண் வெளிவிடும் மணப்பொருளே ஆணை அழைக்கிறது என்பதைப் பிற்கால வேதியியல் உறுதிசெய்தது. ஒரு சாண் அகலத்துக்கு விரியும் அதன் சிறகில் நான்கு பெரிய கண்கள் இருந்தும், திருமணத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

தென் அமெரிக்க ஆறுகளின் மயில் பாஸ் மீன் தன் வாலடியில் உள்ள, பொன் வளையம் சூழ்ந்த கருங்கண்ணால் பெயர் பெற்றது. தூண்டில் விளையாட்டுக்காரர்களின் விருப்பம் அந்த மீனைத் தன் ஆற்றுக்கு வெளியிலும் கொண்டுசென்றது. பனாமாவின் காட்டூன் ஏரியில் 1960களின் பிற்பகுதியில் அது புகுந்த சில ஆண்டுகளுக்குள், அங்கே மிகுதியாக இருந்த சிறு மீன் இனங்களில் பெரும்பாலானவை அருகிப்போயின என்று தாமஸ் ஸாரெட்டும் ராபர்ட் பெயினும் 1973ஆம் ஆண்டில் ஆவணப்படுத்தினார்கள். கொசுப்புழுக்களைத் தின்னும் சிறு மீன்கள் குறைந்ததையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அழகிய மீனும் புதிய நீர்நிலையில் கேடு விளைவிக்கக்கூடும் என்பதை மீன்வளத் துறையினர் மறக்கலாகாது.

கடலில் மயிலின் பெயர் நிறத்துக்காகவே வழங்கப்பட்ட உயிர் ஒன்று உண்டு. மயில் கும்பிடுபூச்சி இறால் என்று தமிழில் சொல்லத்தக்க ஒடோண்டோடாக்டிலஸ் ஸ்கில்லாரஸ் உண்மையில் இறால் இனமன்று; கும்பிடுபூச்சியைப் போல் முன்கால்களை மடித்து வைத்திருக்கும் தனி வரிசையைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரை பவளத் துண்டுகளுக்கிடையே வளை தோண்டி வாழும் இதன் உடலில் பச்சையும் நீலமும் செம்மஞ்சளும் மயிலையே நாணச் செய்யும். முன்காலின் கணு குண்டாந்தடிபோல் தடித்திருக்க, அதனைச் சேணவடிவ வில் ஒன்றில் சேர்த்த ஆற்றலால் விடுவித்து நத்தையோட்டை உடைக்கிறது. ஷீலா பட்டேக் 2004ஆம் ஆண்டில் அளந்தபோது அந்த அடியின் வேகம் நொடிக்கு 23 மீட்டரை எட்டியது. நீர் கிழிந்து ஆவிக்குமிழ்கள் தோன்றி வெடிப்பதால் ஒரே அடி இரண்டு தாக்குதலாகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இந்த வரிசை உயிர்களுக்குக் கண் தோகையில் வரையப்பட்டதன்று. தலையில் காம்பின்மேல் சுழலும் மெய்யான கண். மனிதக் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பணு வகைகள் மூன்று, இவற்றிலோ பன்னிரண்டு. ஒளியலை சுழன்று செல்லும் வட்ட முனைவாக்கத்தைக்கூட இவை உணர்கின்றன என்பது 2008ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. எனினும் பன்னிரண்டு வகை இருந்தும், இவ்வரிசையின் ஓர் இனம் நெருங்கிய இரு நிறங்களைப் பிரித்தறிவதில் மனிதரினும் பின்தங்கியிருப்பதை ஹன்னே தூயென் 2014ஆம் ஆண்டில் காட்டினார். நிறங்களை ஒப்பிடுவதற்கு மாறாக, ஒவ்வொன்றையும் நேரடியாக இனங்காணும் விரைவான வழியை அவை மேற்கொள்கின்றன என்பது அவர் தந்த விளக்கம்.

மயிலின் வாழ்வையே வாழும் சிலந்தி ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. மராட்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த மயில் சிலந்திகள் நான்கைந்து மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. வலை பின்னாமல் தாவி இரை பிடிக்கும் சிலந்திக் குடும்பத்தவை. முதலில் அறியப்பட்ட இனத்தை 1874ஆம் ஆண்டில் விவரித்த ஆங்கிலப் பாதிரியார் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்ப்ரிட்ஜ், ஆணின் வயிற்றின் இருபுறமும் மடிந்திருந்த மெல்லிய மடல்கள் பறப்பதற்கு உதவுகின்றன என்று நம்பி, பறக்கும் என்னும் பொருள்படும் வோலன்ஸ் என்ற பெயரை வைத்தார். ஆணின் வயிறு செங்கோடுகளும் நீலப்பச்சைத் திட்டுகளும் கொண்ட செதில்களால் மூடப்பட்டுள்ளது, பெண்ணோ மண்ணிறம். சிட்னியில் வாழும் உண்ணியியல் அறிஞர் யூர்கன் ஆட்டோ இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இவற்றைப் பொறுமையாகப் படம்பிடித்து உலகறியச் செய்தார். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

பெண்ணைக் கண்ட ஆண் முதலில் மூன்றாம் இணைக் கால்களை மேலுயர்த்தி அசைக்கிறது. அக்கால்களின் நுனியில் வெள்ளைத் தூரிகை போன்ற மயிர்க்கற்றை உண்டு. பின்னர் வயிற்றை நிமிர்த்தி மடல்களை விசிறியாக விரித்து, பக்கவாட்டில் இங்குமங்கும் நகர்ந்தவாறே வயிற்றை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு இலை வழியாகவும் மண் வழியாகவும் பெண்ணின் கால்களை எட்டுகிறது. மயில் பீலிகளைச் சலசலக்கச் செய்வதும், சிலந்தி நிலத்தை அதிரச் செய்வதும் தோகை விரிப்பின் துணையாகவே நிகழ்கின்றன. விருப்பமில்லாத பெண் வயிற்றை முறுக்கிக் காட்டி மறுப்பைத் தெரிவிக்கிறது. அதற்கும் அடங்காமல் நெருங்கும் ஆண் அவளுக்கு இரையாகவும் கூடும். மேடலின் ஜிரார்ட், டேமியன் எலையஸ், மைக்கேல் கசுமோவிச் ஆகியோர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கண்ணுக்குத் தெரியும் ஆட்டத்தில் மிகுதியாக முயன்ற ஆணுக்கே வெற்றி மிகுதி என்றும், அதிர்வும் தனக்குரிய பங்கை வகிக்கிறது என்றும் காட்டியது. நிறங்களுக்கு இடையே உள்ள கருந்திட்டுகளின் வேலையை டகோட்டா மெக்காய் குழுவினர் 2019ஆம் ஆண்டில் விளக்கினார்கள். அத்திட்டுகளில் நுண்ணிய மேடுகள் வரிசையாக நின்று ஒளியை உள்ளே செலுத்தி நிறமியால் விழுங்கச் செய்வதால், படும் ஒளியில் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே திரும்புகிறது. அத்தகைய காரிருளின் அருகே நீலமும் சிவப்பும் தாமே ஒளிர்வனபோல் தோன்றுகின்றன. முதுகெலும்பே இல்லாத உயிரில், எட்டுக் கண்களைக் கொண்ட ஒரு பெண்ணின் விருப்பம், பேடை மயிலின் விருப்பம் செய்ததையே செய்திருக்கிறது. மயிலின் பெயர் பூண்டவற்றுள் அப்பெயருக்கு முழு உரிமை உடையது இதுவே எனலாம்.

தமிழ்க் கடற்கரை மீனவர்கள் தாமாகவே ஒரு மயிலைக் கண்டறிந்திருக்கிறார்கள் என்பதை இங்கே மறக்கலாகாது. மன்னார் வளைகுடாவில் அவ்வப்போது வலையில் படும், வாள்போல் நீண்ட மூக்குடைய பெருமீனை அவர்கள் மயில் மீன் என்கிறார்கள். அதன் முதுகில் உடலின் அகலத்தைவிட உயரமான நீலத் துடுப்பு, பாய்மரம்போல் நீளவாக்கில் நிற்கிறது. இங்கே பெயருக்குக் காரணம் கண் அன்று. மடக்கி வைத்து வேண்டும்போது விரிக்கும் செயலே. விரைந்து நீந்தும்போது துடுப்பு முதுகின் பள்ளத்துக்குள் படிந்து மறைகிறது. மத்திக் கூட்டத்தை நெருங்கும்போது விரிந்து நிமிர்கிறது. விரிந்த துடுப்பு உடலைப் புரளாமல் நிறுத்திவைப்பதால், மீன் தன் மூக்கைக் கூட்டத்துக்குள் மெல்ல நுழைத்துத் திடீரென்று வீச முடிகிறது. வேட்டையின்போது உடலில் நீலக் கோடுகள் சுடர்ந்து மங்கும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்தும் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அண்மைய அளவீடுகளோ அதன் உச்ச வேகம் நொடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டுவதில்லை என்கின்றன.

மயிலின் பெயர் பூண்டவற்றுள் கேட்டுக்கு ஆளான உயிர்களும் உள்ளன. கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளில் வாழும் இந்திய மயில் மென்னோட்டு ஆமையின் குஞ்சுகளுடைய ஓட்டில் நான்கு பெரிய கண்கள் தெளிவாக இருக்கும். வளர வளர அவை மங்கிவிடுகின்றன. இறைச்சிக்காகப் பிடிக்கப்படும் இந்த ஆமைக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தும், அது அழியும் நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. ஆந்திரத்தில் வாழும் வேறொரு மயில் சிலந்தியான பொயிசிலோதீரியா மெட்டாலிகாவின் நிலை இன்னும் மோசம். 1899ஆம் ஆண்டில் ரெஜினால்ட் போக்காக் இதனைக் குத்தி என்னும் ஊரில் கிடைத்த ஒரே சிலந்தியைக் கொண்டு விவரித்தார். தொடர்வண்டி நிலையத்து மரக்கிடங்கில் கிடைத்த அது விறகோடு வேறிடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு நூற்றாண்டு கழித்து, 2001ஆம் ஆண்டில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. உலகில் இது வாழ்வதாக அறியப்பட்ட பரப்பு நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2008ஆம் ஆண்டில் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. இரவில் நடமாடும், கூரிய பார்வையில்லாத இச்சிலந்தியின் ஒளிரும் நீலம், பல பேரினங்களில் தனித்தனியே தோன்றிய அமைப்பு நிறம் என்றும், துணைதேடலால் விளைந்ததன்று என்றும் பார்-கை ஹ்சியுங் குழுவினர் 2015ஆம் ஆண்டில் முடிவு கூறினார்கள். ஆனால் அந்த நீலம் மனிதக் கண்ணைக் கவர்ந்துவிட்டது. வெளிநாடுகளில் சிலந்தி வளர்ப்போர் அதனை விலைகொடுத்து வாங்குகிறார்கள். உள்ளூரில் அது குடியிருக்கும் பொந்துள்ள முதிய மரங்கள் விறகுக்காக வெட்டப்படுகின்றன. பொந்துள்ள ஒரு மரம் உருவாகப் பல பத்தாண்டுகள் வேண்டும் என்பதால், அந்தக் காட்டில் இப்போது நிற்கும் முதிய மரங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துக் காப்பதே இச்சிலந்திக்குச் செய்யத்தக்க முதல் வேலையாகும்.